பொறுத்துக்கொள் என்பது சிகிச்சை ஆகாது

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண் ஒருவர், இரவில் தூக்கம் இல்லை, உடம்பு திடீரென்று கொதித்து வேர்த்துக் கொட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, எதற்கெடுத்தாலும் எரிச்சலும் அழுகையும் வருகிறது என்று சொன்னால், அவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலான வீடுகளில் ஒன்றுதான். “நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும். எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே, கொஞ்ச நாள் பொறுத்துக்கோ.” மாமியார் இதைச் சொல்கிறார், அக்கா சொல்கிறார், கணவர் சொல்கிறார். சத்து மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டு மருத்துவரும் இதையே சொல்லி அனுப்புவது நம் ஊரில் அரிதல்ல.

இந்தப் பதிலுக்குப் பின்னால் மூன்று நம்பிக்கைகள் நிற்கின்றன. மாதவிடாய் நிற்பது இயற்கை, இயற்கைக்கு மருந்து தேவையில்லை என்பது முதலாவது. இந்த அவதியெல்லாம் மேல்நாட்டுப் பெண்களுக்கும் வசதியான வீட்டுப் பெண்களுக்கும் வருவது, உழைத்துப் பிழைக்கும் நம் பெண்களுக்குக் கிடையாது என்பது இரண்டாவது. ஹார்மோன் மாத்திரையைத் தொட்டால் புற்றுநோய் வரும் என்பது மூன்றாவது. மூன்றும் அக்கறையோடு சொல்லப்படுபவைதான். ஆனால் முதலாவது தவறான தர்க்கம், இரண்டாவது தவறான தகவல், மூன்றாவது பாதி மட்டும் படித்த ஆய்வு. இவை மூன்றும் சேர்ந்து, சிகிச்சை இருக்கும் ஒரு துன்பத்தைச் சிகிச்சையே இல்லாததுபோல் கோடிக்கணக்கான பெண்களைச் சுமக்க வைக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்து மறுப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். இதெல்லாம் மனக்கலக்கம், வேலையில் கவனம் வைத்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் அதிலேயே விடை இருக்கிறது. ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் பத்து முதல் இருபது லட்சம் கருமுட்டைப் பைகள் இருக்கின்றன. பூப்படையும் வயதில் அவை மூன்று, நான்கு லட்சமாகிவிடும். நாற்பதுகளில் வேகமாகக் குறைந்து, ஓராயிரம் என்ற அளவுக்கு வந்ததும் சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திக்கொள்கிறது. தொடர்ந்து 12 மாதங்கள் உதிரப்போக்கு இல்லாவிட்டால் மாதவிடாய் நின்றுவிட்டது என்று மருத்துவம் கணக்கிடுகிறது. மேல்நாடுகளில் இது சராசரியாக 51 வயதில் நிகழ்கிறது. இந்தியாவில் 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் சீராக இறங்குவதில்லை. ஒரு மாதம் உச்சத்தில், மறு மாதம் அடியில் என்று அலைபாய்கிறது. பல பெண்களுக்கு மிக மோசமான காலம் இதுதான். மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருப்பதால், இந்த அவதிக்கும் மாதவிடாய் நிற்பதற்கும் தொடர்பிருப்பது அவர்களுக்கே தோன்றுவதில்லை.

ஈஸ்ட்ரோஜன் கருப்பைக்கு மட்டுமான சுரப்பு அன்று. மூளை, எலும்பு, ரத்தக்குழாய், தோல், சிறுநீர்ப்பை எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டவை. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ்தான் உடல் சூட்டைச் சீராக வைத்திருக்கிறது. இறந்த பெண்களின் மூளைகளை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் நயோமி ரான்ஸ், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அந்தப் பகுதியின் குறிப்பிட்ட சில நரம்பணுக்கள் பெருத்துப்போயிருப்பதை 1990-களின் தொடக்கத்தில் காட்டினார். ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அடங்கியிருக்கும் அணுக்கள் அவை. அது குறைந்ததும் நியூரோகைனின் பி என்ற பொருளை அளவுக்கு மீறி வெளியிட்டு, பக்கத்திலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தைத் தூண்டிவிடுகின்றன. உடல் சூடேறிவிட்டது என்று மூளை தவறாகக் கணித்து, தோலின் ரத்தக்குழாய்களை விரித்து வேர்வையைப் பெருக்குகிறது. மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் குப்பென்று ஏறும் அந்தச் சூடு இப்படி வருவதுதான். நியூரோகைனின் பி-யை ஆரோக்கியமான இளம்பெண்களுக்குச் செலுத்திப் பார்த்த லண்டன் ஆய்வாளர்கள், அவர்களுக்கும் அதே கொதிப்பு வந்ததை 2015-இல் பதிவுசெய்தார்கள். அந்தப் பொருள் ஒட்டும் இடத்தை அடைக்கும் ஃபெசோலினிடன்ட் என்ற மாத்திரை 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மனக்கலக்கம் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றுக்கு நரம்பணு தெரியும், வேதிப்பொருள் தெரியும், அதைத் தடுக்கும் மருந்தும் தெரியும். இதற்கு மேலும் அதைக் கற்பனை என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

‘கொஞ்ச நாள்’ என்பதும் பொய்யான ஆறுதல். பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஸ்வான் என்ற அமெரிக்க ஆய்வு 2015-இல் சொன்ன கணக்குப்படி, அடிக்கடி கொதிப்பு வரும் பெண்களில் பாதிப் பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கும் மேல் நீடிக்கிறது. மாதவிடாய் நிற்பதற்கு முன்பே தொடங்கிவிட்டால் இன்னும் நீளும். ஏழு ஆண்டுகள் இரவில் நான்கைந்து முறை நனைந்து எழுந்து, காலையில் அடுப்பைப் பற்றவைத்து, பேருந்தில் நின்றபடி வேலைக்குப் போகும் பெண்ணிடம் பொறுத்துக்கொள் என்பவர், எதைப் பொறுக்கச் சொல்கிறார் என்பதை யோசித்துச் சொல்லவில்லை.

இனி ‘இயற்கை’ என்ற வாதத்துக்கு வருவோம். மாதவிடாய் நிற்பது இயற்கைதான், அது நோயே அல்ல. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒன்று இயற்கையானது என்பதிலிருந்து, அது தரும் வலிக்கு வைத்தியம் பார்க்கக்கூடாது என்ற முடிவு எப்படி வரும்? நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வருவதும் இயற்கைதான். அதற்காகக் கண்ணாடி போடாதே, எழுத்து மங்கலாகத்தான் தெரியும், பழகிக்கொள் என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டுக்கு இதைவிடப் பெரிய சான்று கையிலேயே இருக்கிறது. பிரசவத்தை விட இயற்கையானது எது? அதை இயற்கையிடமே விட்டிருந்த காலத்தில் தாய்மார்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். இன்று இம்மாநிலத்தில் 99 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2001-03 காலத்தில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 134 ஆக இருந்த தாய் இறப்பு, 2018-20 கணக்கில் 54 ஆகக் குறைந்தது. கர்ப்பம் இயற்கையாக இருந்ததும், அதற்கு மருத்துவம் தேவைப்பட்டதும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வந்ததும், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்ததும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு நிதி கொடுத்ததும் இயற்கையை அவமதித்ததாக ஆகவில்லை. அந்தத் தாயே ஐம்பது வயதில் வந்து நிற்கும்போது மட்டும் இயற்கை என்ற சொல் ஏன் கதவை அடைக்க வேண்டும்?

பிள்ளை பெறும் வயது முடிந்த பெண்ணின் உடல்நலம் நம் கணக்கில் இல்லாமல் போய்விட்டது என்பதே காரணம் என்று நினைக்கிறேன். பூப்படைந்த சிறுமிக்கு உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்து, மாமன் சீர் வைத்து, மண்டபம் பிடித்து ஊரைக் கூட்டுகிறோம். கர்ப்பிணிக்கு வளைகாப்பு செய்கிறோம். அதே உடலில் மூன்றாவதாக ஒரு பெரிய மாற்றம் நிகழும்போது, அவரிடம் என்ன செய்கிறது என்று கேட்கவும் வீட்டில் ஆள் இல்லை. அரசின் பார்வையும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வு பெண்களிடம் கேட்கும் விரிவான கேள்விகள் 15 முதல் 49 வயது வரையிலானவர்களுக்கு மட்டுமே. ஐம்பது தொட்டவர் அந்தக் கேள்வித்தாளிலிருந்து வெளியேறிவிடுகிறார்.

பொறுத்தால் தானாகச் சரியாகும் என்பது கொதிப்பு விஷயத்திலாவது ஓரளவு உண்மை. வேறு சில விஷயங்களில் அது முழுப் பொய். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டு, எரிச்சலும் உறவின்போது வலியும் ஏற்படுகின்றன. நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் இது ஆண்டுக்கு ஆண்டு கூடுமே தவிரக் குறையாது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, கணவரின் கோபத்தையும் தாங்கி, ஆண்டில் ஐந்தாறு முறை ஆன்டிபயாடிக் விழுங்கும் பெண்கள் எத்தனையோ பேர். இத்தகைய பெண்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1993-இல் வெளியானது. ஆண்டுக்குச் சராசரியாக ஆறு முறை வந்துகொண்டிருந்த சிறுநீர்த் தொற்று, களிம்பு தடவியவர்களுக்கு இரண்டாண்டுக்கு ஒரு முறை என்ற அளவுக்கு இறங்கியது. அந்தக் களிம்பிலிருந்து ரத்தத்தில் கலக்கும் அளவு மிகச் சொற்பம். இவ்வளவு எளிய தீர்வு இருக்கும்போது, கேட்க ஒரு வார்த்தையும் சொல்ல ஒரு இடமும் இல்லாததால் பெண்கள் இருபது ஆண்டுகள் எரிச்சலோடு வாழ்கிறார்கள்.

எலும்பின் கதை இன்னும் மௌனமானது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு ஆண்டுகளில் பல பெண்கள் தங்கள் எலும்பு அடர்த்தியில் பத்து விழுக்காட்டையும் அதற்கு மேலும் இழக்கிறார்கள். வலி எதுவும் தெரியாது. அறுபத்தைந்து வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியும்போது, அதற்கான அடித்தளம் ஐம்பதிலேயே போடப்பட்டிருந்தது யாருக்கும் நினைவிருக்காது. நாற்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோனவர்களுக்கு இந்த இழப்பும் இதய நோய் அபாயமும் மிக அதிகம். அவர்களுக்கு, தடை ஏதும் இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயது வரையிலாவது ஹார்மோன் கொடுக்க வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்.

இரண்டாவது நம்பிக்கை, நம் பெண்களுக்கு இதெல்லாம் இல்லை என்பது. இதற்குக் கல்விப்புலத்திலும் வேர் உண்டு. மார்ஷா ஃபிளின்ட் என்ற அமெரிக்க மானுடவியலாளர், ராஜஸ்தானிலும் இமாச்சலப் பிரதேசத்திலும் 483 ராஜபுத்திரப் பெண்களைச் சந்தித்து, மாதவிடாய் நிற்கும்போது அவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொல்லையும் இல்லை என்று 1975-இல் எழுதினார். முக்காட்டிலிருந்து விடுதலை கிடைப்பதால் அவர்களுக்கு அது ஒரு பரிசுபோல வருகிறது என்பது அவர் விளக்கம். ஜப்பானில் ஆய்வு செய்த மார்கரெட் லாக், அந்நாட்டுப் பெண்கள் கொதிப்பைக் குறைவாகவும் தோள்பட்டை இறுக்கத்தை அதிகமாகவும் சொல்கிறார்கள் என்று 1993-இல் விரிவான நூலாக எழுதினார். இந்த ஆய்வுகளைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. உடலும் உணவும் வாழ்க்கையும் ஊருக்கு ஊர் மாறும்போது அறிகுறிகளும் மாறும். ஆனால் மாறுபடுவதும் இல்லாமல் போவதும் ஒன்றல்ல. ஸ்வான் ஆய்வில் மிகக் குறைந்த காலம் அவதிப்பட்ட ஜப்பானிய வம்சாவளிப் பெண்களுக்கே கொதிப்பு சராசரியாக 4.8 ஆண்டுகள் நீடித்தது.

இந்தியாவில் பிற்பாடு நடந்த ஆய்வுகள் பலவற்றில் பெண்கள் முதலில் சொல்வது மூட்டு வலியையும் அசதியையும் தூக்கமின்மையையும். கொதிப்பும் வேர்வையும் அவற்றோடு சேர்ந்தே பதிவாகியிருக்கின்றன. சித்திரை வெயிலில் களை எடுக்கும் பெண்ணால், தன் உடம்புச் சூடு வெளியிலிருந்து வருகிறதா உள்ளிருந்து வருகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூட்டு வலியை வேலைக் களைப்பு என்பார், வேர்வையைப் புழுக்கம் என்பார், எரிச்சலைத் தன் குணக்கேடு என்றே நம்புவார். அவர் சொல்லவில்லை என்பதை அவருக்கு இல்லை என்று எழுதிக்கொள்வது நம் பிழை.

வசதியானவர்களின் பிரச்சினை என்பதோ உண்மைக்கு நேர் எதிரானது. தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி, இந்தியாவில் 30 முதல் 49 வயதுப் பெண்களில், கருப்பை அகற்றப்பட்டவர்களையும் சேர்த்து, ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு மாதவிடாய் நின்றுவிட்டது. சீக்கிரம் நின்றுபோவது கிராமத்துப் பெண்களிடமும் பள்ளிக்குப் போகாதவர்களிடமும் ஊட்டம் குறைந்தவர்களிடமும் அதிகம். வசதி படைத்தவருக்குக் குளிர்சாதனமும் தனியறையும் தெரிந்த மருத்துவரும் உண்டு. துணிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கு நாற்காலி வேண்டும் என்பதற்கே 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. கொதிப்பு வரும்போது ஐந்து நிமிடம் மின்விசிறியின் கீழ் உட்காரவும், நிறையத் தண்ணீர் குடிக்கவும், குடித்தால் கழிப்பறைக்குப் போகவும் அவருக்கு இன்னும் எளிதாக வாய்ப்பதில்லை. இந்த அவதி ஏழைப் பெண்ணைத்தான் அதிகம் வருத்துகிறது. மருத்துவமும் அவருக்குத்தான் மிகத் தொலைவில் இருக்கிறது.

மூன்றாவது, புற்றுநோய் பயம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் அது பெரிதாக்கப்பட்டது என்று மட்டும் சொன்னால் நேர்மை ஆகாது. 1966-இல் ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்க மருத்துவர், மாதவிடாய் நின்ற பெண் குறைபட்டுப் போனவள், ஈஸ்ட்ரோஜன் சாப்பிட்டால் என்றும் இளமையோடு இருக்கலாம் என்று புத்தகம் எழுதினார். அந்த மாத்திரையைத் தயாரித்த நிறுவனத்தின் பணம் அவருக்குக் கிடைத்திருந்தது பின்னர் வெளிவந்தது. லட்சக்கணக்கான பெண்கள் மாத்திரையை வாங்கினார்கள். ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகச் சாப்பிட்டால் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வரும் என்று 1975-இல் நிரூபணமானது. கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டிரானையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த அபாயம் நீங்கும் என்பது அதன் பிறகு வழக்கமானது.

அடுத்து 2002. மகளிர் நல முன்முயற்சி என்ற மாபெரும் அமெரிக்க ஆய்வில் 16,608 பெண்கள் பங்கேற்ற பகுதி அந்த ஜூலையில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஹார்மோன் மார்பகப் புற்றுநோயை 26 விழுக்காடு கூட்டுகிறது என்று உலகமெங்கும் தலைப்புச் செய்தி வந்தது. அந்த விழுக்காட்டுக்குப் பின்னால் இருந்த எண்ணிக்கையை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. பத்தாயிரம் பெண்களை ஓராண்டு எடுத்துக்கொண்டால், ஹார்மோன் சாப்பிடாதவர்களில் 30 பேருக்கும் சாப்பிட்டவர்களில் 38 பேருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது. கூடுதல் எட்டுப் பேர். மாரடைப்பும் பக்கவாதமும் நுரையீரல் ரத்தக்கட்டும் ஒவ்வொன்றும் ஏழெட்டுப் பேருக்குக் கூடின. இடுப்பெலும்பு முறிவும் பெருங்குடல் புற்றுநோயும் ஐந்தாறு பேருக்குக் குறைந்தன.

அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. மூன்றில் இரண்டு பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ஹார்மோன் இதய நோயைத் தடுக்குமா என்று பார்க்கவே அது நடத்தப்பட்டது, கொதிப்பால் தூங்க முடியாத 48 வயதுப் பெண்ணுக்கு நிவாரணம் தரலாமா என்று பார்க்க அன்று. கொடுத்ததும் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டினும். அறுபத்து மூன்று வயதுக்காரரிடம் கண்ட விளைவை நாற்பத்தெட்டு வயதுக்காரருக்கு அப்படியே பொருத்தினார்கள். கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்த இன்னொரு பகுதி 2004-இல் நிறுத்தப்பட்டது. அதில் பக்கவாதம் கூடியது, ஆனால் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. அவர்களை இருபதாண்டு பின்தொடர்ந்து 2020-இல் வெளியிட்ட கணக்கில் மார்பகப் புற்றுநோயும் அதனால் வந்த இறப்பும் குறைந்தே இருந்தன. இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் பதினெட்டு ஆண்டுகளின் மொத்த இறப்பைப் பார்த்தபோது, ஹார்மோன் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை என்று 2017-இல் அறிவித்தார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இந்த மருந்துகளின் மேலிருந்த கறுப்புக் கட்டத்து எச்சரிக்கைகளை நீக்கப்போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. 2002-இன் தலைப்புச் செய்தி மட்டும் நம் ஊரில் இன்னும் பழையபடியே உலவுகிறது.

அபாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான கணக்கு, ஐம்பது வயதிலிருந்து ஐந்தாண்டுகள் இரு ஹார்மோன்களையும் தினமும் எடுக்கும் ஐம்பது பெண்களில் ஒருவருக்கு, அடுத்த இருபதாண்டுகளில் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வரலாம் என்கிறது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுப்பவர்களில் இருநூறில் ஒருவருக்கு. இந்த எண்ணைப் பெண்ணின் முன் வைக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டோ பக்கவாதமோ மாரடைப்போ கண்டவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள் ஹார்மோன் மாத்திரை எடுக்கக்கூடாது. மற்றவர்களுக்கு, அறுபது வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்தாண்டுக்குள் தொடங்கினால், கடும் அவதிக்கு நன்மையே மிகுதி என்பதில் உலகின் முக்கிய மருத்துவச் சங்கங்கள் ஒத்துப்போகின்றன. கொதிப்பின் எண்ணிக்கையை அது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைக்கிறது. தோலில் தடவும் ஜெல்லாகவோ ஒட்டும் பட்டையாகவோ எடுத்தால் ரத்தக்கட்டு அபாயம் மாத்திரையைவிடக் குறைவு.

ஹார்மோன் கூடாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மன அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகளைக் குறைந்த அளவில் கொடுத்தால் கொதிப்பு தணியும். அவற்றில் பராக்ஸெடினுக்கு அமெரிக்கா இதற்கென்றே 2013-இல் அனுமதி தந்தது. (மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்ஸிஃபென் எடுப்பவர்கள் மட்டும் பராக்ஸெடினைத் தவிர்க்க வேண்டும்.) கபாபென்டின் இரவு வேர்வைக்கு உதவுகிறது. ஃபெசோலினிடன்ட் எடுப்பவர்கள் கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அறிவுசார் நடத்தைச் சிகிச்சை தூக்கத்தையும் அவதியின் கடுமையையும் நல்லபடி மாற்றுகிறது. உடல் எடையைக் குறைப்பதும் புகையிலையை விடுவதும் துணை செய்யும். எள்ளும் உளுந்தும் கேழ்வரகும் எலும்புக்கு நல்ல உணவுதான், தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அவை கொதிப்பை நிறுத்தும் என்று சொல்லிப் பொடியும் லேகியமும் விற்பவர்களை நம்ப வேண்டாம். கொதிப்புக்கான மருந்துகளைச் சோதித்த ஆய்வுகளில் வெறும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கே கொதிப்பு பாதியளவு குறைந்ததாகப் பதிவாகியிருக்கிறது. எந்தப் பொடியும் வேலை செய்வதுபோல் தோன்றுவதற்கு அதுவே காரணம்.

மருந்துக்கு இவ்வளவு தயங்கும் இதே சமூகம் கத்திக்குத் தயங்குவதில்லை என்பது என்னை மிகவும் வருத்துகிறது. மாதவிடாய் நிற்கும் முன் பலருக்கு உதிரப்போக்கு தாறுமாறாகும், பெரும்பாடாகும். அதற்கு மாத்திரை உண்டு, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் உண்டு. ஆனால், “புள்ளை பெத்தாச்சு, இனி பை எதுக்கு, எடுத்துடலாம்” என்பதே பல தனியார் மருத்துவமனைகளில் முதல் ஆலோசனையாக இருக்கிறது. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது இந்தியப் பெண்களில் 3.2 விழுக்காட்டினர் கருப்பை அகற்றப்பட்டவர்கள். ஆந்திராவில் இது 8.9, தெலங்கானாவில் 7.7. அகற்றப்பட்ட வயதின் நடு அளவு 34. மூன்றில் இரண்டு அறுவைகள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடம் 2019-இல் கணக்கெடுத்தபோது, 82,000 பேரில் 13,000-க்கும் மேற்பட்டோர் கருப்பையை இழந்திருந்தனர். மாதவிடாய் வந்தால் வேலை கெடும், கூலி போகும், அபராதம் விழும் என்பது அதன் பின்னணி. தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டிய நிலை வந்தது.

சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், முப்பத்து நான்கு வயதுப் பெண்ணுக்கு ஒரே நாளில் மாதவிடாய் நிற்றலின் எல்லா விளைவுகளும் வந்து சேரும். அவற்றை விட்டுவைத்தாலும் சீக்கிரம் ஓயும் வாய்ப்பு கூடுகிறது. அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த அவரிடம் இனி ஹார்மோன் தேவைப்படலாம், எலும்பைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பாமல் விடுவது எவ்வளவு பெரிய அநீதி. உறுப்பை எடுப்பது சகஜம், மருந்து கொடுப்பது ஆபத்து என்ற மனநிலையை இயற்கையின் மீதான மரியாதை என்று ஏற்க என்னால் முடியாது.

இந்தப் பார்வை உயிரையும் வாங்கக்கூடும். எல்லாவற்றையும் ‘நிக்கிற வயசு’ என்ற ஒரே கணக்கில் எழுதுவதால் மற்ற நோய்கள் அதன் கீழ் ஒளிந்துகொள்கின்றன. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி உதிரம் பட்டாலும் அது இயல்பன்று. அப்படி வருபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இருக்கிறது. தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் குணமாகும் புற்றுநோய் அது. “மறுபடி வந்திருக்கு, போயிடும்” என்று ஆறு மாதம் காத்திருப்பவர் அந்த வாய்ப்பை இழக்கிறார். இரவு வேர்வை காசநோயாக இருக்கலாம். படபடப்பும் எரிச்சலும் தைராய்டாக இருக்கலாம். அசதியும் மூச்சு வாங்குவதும் ரத்தசோகையாகவோ இதய நோயாகவோ இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் பொறுக்கச் சொல்பவர், எதைப் பொறுக்கச் சொல்கிறார் என்பது அவருக்கே தெரியாது.

மறுதரப்பின் வலுவான வாதம் ஒன்று மிச்சமிருக்கிறது. பெண்ணின் வாழ்க்கைக் கட்டம் ஒவ்வொன்றையும் நோயாக்கி மருந்துக் கம்பெனிகள் சந்தையாக்குகின்றன, நீங்களும் அதற்குத் துணைபோகிறீர்களா என்று பெண்ணியர்களே கேட்கிறார்கள். வில்சனின் கதை தெரிந்தவர்கள் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தேவையற்ற ஹார்மோன் பரிசோதனைத் தொகுப்புகள், ‘பேலன்ஸ்’ செய்வதாகச் சொல்லும் பானங்கள், விலை உயர்ந்த லேசர் சிகிச்சைகள் எல்லாம் இப்போதே கடைவிரித்துவிட்டன. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவருக்கு மாதவிடாய் நிற்றலைக் கண்டறியப் பெரும்பாலும் ரத்தப் பரிசோதனையே வேண்டாம், கேட்டறிந்தாலே போதும். பல பெண்கள் பெரிய தொல்லை இல்லாமல் இந்தக் கட்டத்தைக் கடக்கிறார்கள். மாதத் தொல்லை விட்டது என்று நிம்மதி அடைகிறார்கள். அவர்களுக்கு எந்த மருந்தும் வேண்டாம். ஆனால் பேசாமல் இருப்பது சந்தையை ஒருபோதும் தடுத்ததில்லை. அரசு மருத்துவமனையும் படித்த மருத்துவரும் விலகி நிற்கும் இடத்தில்தான் விளம்பரம் உள்ளே வருகிறது.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். நாற்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் அவர்கள் நான்கு கேள்விகளைக் கூடுதலாகக் கேட்கட்டும். மாதவிடாய் எப்படி இருக்கிறது, இரவில் தூங்க முடிகிறதா, சிறுநீர் கழிக்கையில் எரிச்சலோ கசிவோ உண்டா, நின்றபின் உதிரம் பட்டதா? ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர்களுக்கு இதில் பயிற்சி வேண்டும். ஈஸ்ட்ரோஜன் களிம்பும் ஜெல்லும் புரோஜெஸ்டிரானும் அரசு மருந்தகத்தில் விலையின்றிக் கிடைக்க வேண்டும். கருப்பையை எடுக்கச் சொல்லும் ஒவ்வொரு முறையும் இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பது பெண்ணின் உரிமையாக வேண்டும். குடும்பநல ஆய்வின் கேள்வித்தாள் 49-ஐத் தாண்டி நீள வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. மனைவியோ அம்மாவோ அக்காவோ தூங்கவில்லை என்று சொன்னால், பொறுக்கச் சொல்லும் முன் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். மருத்துவரும் பொறுக்கச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் போங்கள். சிகிச்சை வேண்டுமா, எந்தச் சிகிச்சை, எவ்வளவு நாள் என்பதை நன்மை தீமை இரண்டையும் கேட்டறிந்து அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும். இந்தியப் பெண்ணுக்கு மாதவிடாய் நின்ற பிறகும் இருபத்தைந்து, முப்பது ஆண்டு வாழ்க்கை மீதி இருக்கிறது. அந்தக் காலத்தை நோவில்லாமல் வாழக் கேட்பது சலுகை கேட்பதல்ல. இரண்டு தலைமுறைக்கு உழைத்துக் கொடுத்த ஒருவர், தனக்கு உரிய மருத்துவத்தைக் கேட்கிறார். கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.